பூனையும் நாயும் கூரையிலிருந்து விழவே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் போன கிழமை வந்த ஆங்கில மரபுத்தொடர்கள் பகுதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எந்தத் தொடருக்கு என்ன கருத்து என்பதைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் 'பிறந்த கதை' என்று ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, அதில் பாதிக்கு மேல் சுத்தப் புளுகு. கோபித்துக்கொள்ள வேண்டாம். புளுகு உங்களுடையது இல்லை, இன்ரநெற்றில் வருசக்கணக்காகச் சுற்றித் திரிவது. ஆனாலும் ஒரு விசயம் பேப்பரில் வந்துவிட்டால் எங்கள் ஊரில் அது வேதவாக்கு, பிறகு யார் சொன்னாலும் எடுபடாது.

நான் ஆங்கிலம் படிப்பிக்கிற ஆள் இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்து ரியூசன் சேர்மார், ரீச்சர்மாரின் ரியூட் (பாடக் குறிப்புத் தாள்) எல்லாம் என்னுடைய மெசினுக்குள்ளால்தான் வெளியே போகிறது. உங்கள் பக்கத்தைக் கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, மேலே தன் வகுப்பின் பெயரை மார்க்கரால் எழுதி, "அண்ணை, நூற்றைம்பது அடிச்சு வையுங்கோ, பின்னேரம் வாறன்" என்று ஒருவர் தந்துவிட்டுப் போனார். பசை காயவில்லை. தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு விட்டது. மெல்ல மெல்ல உரித்தெடுத்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் முழுக்க வாசித்தேன். அதே கதைகளை எனக்கு முன்னமே தெரியும், ஏனென்றால் அவற்றை வேறு வேறு சேர்மாரின் ரியூட்டில் எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதி, அதை இன்னொருவர் போனில் படமெடுத்து, இப்போது அது பேப்பருக்கே வந்துவிட்டது.

முதலாவது அந்தப் பூனையும் நாயும். அடைமழையை ஆங்கிலத்தில் 'ரெயினிங் கற்ஸ் அன்ட் டோக்ஸ்' என்பார்கள், அதாவது பூனையும் நாயுமாகப் பெய்கிறதாம். நீங்கள் போட்ட கதை: முந்திய காலத்து இங்கிலாந்தில் வீடுகளுக்கு வைக்கோல் கூரை, குளிருக்குப் பூனையும் நாயும் கூரையில் ஏறிப் படுத்திருக்கும், மழை பெய்தால் வழுக்கிக் கீழே விழும், அதைப் பார்த்துத்தான் இப்படிச் சொன்னார்கள் என்று. லண்டன்காரனுக்கு வேண்டுமானால் இதைச் சொல்லி நம்பவைக்கலாம், கிடுகு வீட்டில் வளர்ந்தவனுக்குச் சொல்லலாமா? கூரைக்குள் பூனை ஏறும், எலி ஏறும், சில நேரம் பாம்பும் கிடக்கும். நாய் எப்படி ஏறும்? அதை விடுங்கள். வடிவாக வேய்ந்த கூரையில் மழைத் தண்ணீர் மேல் ஓலையோடு வழிந்து கீழே போய்விடும், உள் ஓலை நனையாது, அதற்குத்தானே கூரை வேய்கிறோம். உள்ளே படுத்திருக்கிற பூனைக்கு மழை வந்தது கூடத் தெரியாது. வழுக்கி விழ வேண்டுமென்றால் அது கொட்டுகிற மழையில் கூரைக்கு மேலே, வெளியில் போய்ப் படுத்திருக்க வேண்டும். மழை தூறினாலே அடுப்படிக்கு ஓடிவருகிற பூனையைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த விசயம்தான். 1999ஆம் ஆண்டு '1500களின் வாழ்க்கை' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் உலகமெல்லாம் சுற்றியது. வட்ஸ்அப் இல்லாத காலத்து வட்ஸ்அப் தகவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ பகிடிக்கு எழுதியது போலத்தான் இருக்கிறது, ஆனால் அதில் உள்ள பூனை நாய்க் கதை, குளியல் தொட்டிக் கதை, சவப்பெட்டி மணிக் கதை எல்லாம் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. உண்மை என்னவென்றால், மழையோடு பூனையையும் நாயையும் சேர்த்துச் சொல்வது 1600களின் நடுப்பகுதியிலேயே ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. ஜொனதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர் 1738இல் அச்சில் வந்த ஓர் உரையாடல் நூலில், இன்று நாம் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறார். அவரே 1710இல் லண்டன் மழையைப் பற்றி எழுதிய கவிதையில் வெள்ளத்தில் செத்த பூனைகளும் நாய்க்குட்டிகளும் அடித்துக்கொண்டு வருவதாக ஒரு இடம் உண்டு, அதிலிருந்து வந்தது என்பார் சிலர், ஆனால் தொடர் அந்தக் கவிதைக்கு முந்தியது. சரியான பிறப்பிடம் இதுதான் என்று ஆங்கில அகராதிக்காரர் யாரும் அடித்துச் சொல்வதில்லை. ஒரு கதை இருந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. வேல்ஸ்காரருக்குக் கிழவிகளும் தடிகளுமாக மழை பெய்கிறது, பிரெஞ்சுக்காரருக்குக் கயிறு கயிறாக, கிரேக்கருக்குக் கதிரைக் காலாக. நாங்கள் பேய் மழை என்கிறோம். எந்தக் கூரையிலிருந்து பேய் விழுந்தது என்று யாராவது கேட்டோமா?

அந்த மின்னஞ்சலின் குளியல் கதையும் இப்படித்தான். குளித்த தண்ணீரோடு பிள்ளையையும் வீசாதே என்பது தொடர். வீட்டில் எல்லாரும் ஒரே தொட்டித் தண்ணீரில் குளித்துக் கடைசியில் பிள்ளையைக் குளிக்க வார்ப்பார்களாம், அப்போது தண்ணீர் கறுத்துப் பிள்ளை கண்ணுக்குத் தெரியாதாம். அது ஆங்கிலத் தொடரே இல்லை. ஜேர்மன்காரருடையது, தோமஸ் முர்னர் என்பவர் 1512இல் எழுதிய நையாண்டி நூலில் படத்தோடு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு வந்தது 1800களில். முர்னர் எழுதியது முட்டாள்களைப் பற்றி, ஊத்தைத் தண்ணீரைப் பற்றி இல்லை.

சவப்பெட்டி மணி இதைவிட மோசம். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பிணத்தின் கையில் கயிறு கட்டி, மேலே மணி தொங்கவிட்டு, இரவிரவாக ஒரு ஆளைச் சவக்காலையில் காவலுக்கு வைப்பார்களாம், அதிலிருந்து 'சேவ்ட் பை த பெல்' (மணியால் தப்பினான்), 'டெட் ரிங்கர்', 'கிரேவ்யார்ட் ஷிஃப்ட்' (நடுச்சாம வேலை) மூன்றும் வந்ததாம். மணி வைத்த சவப்பெட்டிகளுக்கு 1800களில் காப்புரிமை எடுத்தவர்கள் இருந்தது உண்மைதான். ஆனால் முதல் தொடர் குத்துச்சண்டைக்காரருடையது. அடி வாங்கி விழுந்தவனுக்கு நடுவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது சுற்று முடிகிற மணி அடித்துவிட்டால் அந்த நேரத்துக்கு அவன் தப்பினான், அவ்வளவுதான். ரிங்கர் என்பது அமெரிக்கக் குதிரைப் பந்தயத்துக் கள்ள வேலை: ஒரு குதிரையின் பெயரைப் பதிந்துவிட்டு அதே சாயலில் உள்ள வேகமான குதிரையை ஓடவிடுவது. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிற ஆளை அதனால்தான் டெட் ரிங்கர் என்கிறார்கள், அங்கே 'டெட்' என்றால் செத்த என்று கருத்தில்லை, அப்படியே, முழுக்க என்று கருத்து. பிணக் கதையைப் படித்த பிள்ளை பரீட்சையில் இந்தத் தொடரைச் செத்தவீட்டுக் கட்டுரைக்குள் கொண்டுபோய்ச் செருகினால் யாரைக் குறைசொல்வது?

எனக்கு உண்மையில் கோபம் வந்தது 'ரூல் ஒஃப் தம்', அதாவது பெருவிரல் விதி என்ற தொடரைப் பற்றி எழுதியதில். பெருவிரலைவிடத் தடிப்பில்லாத பிரம்பால் மனைவியை அடிக்கலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்தது, அதிலிருந்து வந்த தொடர் என்று போட்டிருக்கிறீர்கள். தரம் 10 பொம்பிளைப் பிள்ளைகள் கையில் போகிற தாள் இது. அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. 1782இல் பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி அப்படிச் சொன்னதாக ஒரு கதை பரவ, ஜேம்ஸ் கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர் அவரைக் கட்டுக்கட்டாகப் பிரம்பு தூக்கி விற்கிறவராகக் கீறி நாறடித்தார். அந்த நீதிபதி அப்படித் தீர்ப்புச் சொன்னதற்கு எழுத்து இல்லை. தொடரோ அவருக்கு நூறு வருசத்துக்கு முந்தியே, அளவுகோல் இல்லாமல் கைக்கணக்கில் வேலை செய்வதைச் சொல்ல அச்சில் வந்துவிட்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டது 1970களில்தான். மனைவியை அடித்தவனை அந்தக் காலத்துச் சட்டம் கண்டும் காணாமல் விட்டது உண்மை, அதை வரலாற்றுப் பாடத்தில் தாராளமாகச் சொல்லுங்கள். இந்தத் தொடர் தச்சனின் விரல் சம்பந்தப்பட்டது. பிரெஞ்சில் பெருவிரலுக்கும் அங்குலத்துக்கும் ஒரே சொல். எங்கள் ஆட்கள் விரற்கடை, சாண், முழம் என்று அளந்த மாதிரிதான்.

ஆடம்பரமான என்று கருத்துள்ள 'பொஷ்' என்ற சொல்லுக்குப் போட்ட கப்பல் ரிக்கெற் கதையும் பிழை. இந்தியாவுக்கு வருகிற பணக்காரர் போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் வெயில் படாத அறை எடுப்பார்கள், அதைச் சொல்கிற நாலு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் இந்தச் சொல் என்று. அப்படி அச்சடித்த ஒரு ரிக்கெற்றை இன்றுவரை யாரும் கண்டெடுக்கவில்லை.

பொய்யை எடுத்துவிட்டால் பக்கம் வெறிச்சென்று போய்விடும் என்று உங்கள் பக்கப் பொறுப்பாளர் நினைக்கக்கூடும். அதுதான் இல்லை. உண்மையான கதைகளே ருசியானவை, அதுவும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிட்டவானவை.

கப்பல்காரரின் தொடர்களை எடுங்கள். ஆங்கிலேயன் கடலில் போய்ப் பிழைத்தவன், அவனுடைய பேச்சில் பாதி கடல் வாசம். 'பை அன்ட் லார்ஜ்' என்றால் பொதுவாகப் பார்த்தால் என்று கருத்து என்பதைத் தரம் 11 பிள்ளை பாடமாக்கியிருக்கும், ஆனால் அந்த இரண்டு சொல்லும் ஏன் சேர்ந்தன என்று கேட்டால் ரியூசன் சேரும் முழிப்பார். பாய்க்கப்பலில் காற்றுக்கு எவ்வளவு முகம் கொடுத்து ஓட ஏலுமோ அவ்வளவு முகம் கொடுத்து ஓடுவது 'பை'. காற்றைப் பின்பக்கமாக வாங்கிப் பாயை நிறைய விட்டுச் சுகமாக ஓடுவது 'லார்ஜ்'. இரண்டிலும் நன்றாக ஓடுகிற கப்பல் எந்தக் காற்றுக்கும் ஈடுகொடுக்கும். அதிலிருந்துதான் எப்படிப் பார்த்தாலும், மொத்தத்தில் என்ற கருத்து வந்தது. 'ரேக்கன் அபாக்' என்றால் திகைத்துப்போவது. ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று திடீரென்று மாறி முன்பக்கமாக அடித்தால் பாய் மரத்தோடு அப்பிக்கொள்ளும், கப்பல் நின்றுவிடும், சில நேரம் பின்னுக்கே போகும். மரமும் முறியலாம். அந்த நேரத்தில் தளத்தில் நிற்கிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், பிறகு அந்தத் தொடரை மறக்க ஏலாது.

'பிற்றர் என்ட்' என்பதை எல்லாப் பிள்ளைகளும் கசப்பான முடிவு என்று எழுதுகிறார்கள், சில ரியூட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. கடைசிவரை விடாமல் நிற்பது என்பதுதான் கருத்து, கசப்பு அதில் கட்டாயம் இல்லை. கப்பல் தளத்தில் நங்கூர வடத்தைச் சுற்றிக் கட்டுகிற தடித்த கட்டைகளுக்கு ஆங்கிலத்தில் 'பிற்ஸ்' என்று பெயர். வடத்தின் கப்பல் பக்கத்து நுனி அந்தக் கட்டையோடு இருக்கும். கப்பலில் சுற்றிய அந்தப் பகுதிக்கு 'பிற்றர்' என்று பெயர் என்பதை 1627இலேயே கப்டன் ஜோன் ஸ்மித் தன் கடல் நூலில் எழுதி வைத்திருக்கிறார். வடம் முழுக்க விட்டு அந்த நுனிவரை வந்துவிட்டால் இனி விட ஒன்றும் இல்லை. வேதாகமத்தில் நீதிமொழிகளில் 'முடிவு கசப்பாயிருக்கும்' என்று வருகிற வசனமும் பிற்பாடு இதோடு கலந்திருக்கலாம் என்று சொல்வோர் உண்டு.

இதையெல்லாம் விளங்கப்படுத்த லண்டனுக்குப் போகத் தேவையில்லை, வல்வெட்டித்துறைக்குப் போனால் போதும். பாய்க்கப்பல் கட்டி, ரங்கூன் வரைக்கும் ஓட்டிய ஊர். அங்கே கட்டிய அன்னபூரணியை ஒரு அமெரிக்கர் வாங்கி, அது அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பல்களை ஓட்டிய தண்டையல்மாரின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள். காற்று மாறிப் பாய் அப்பினால் என்ன நடக்கும் என்று அவர்களிடம் கேட்டு ஒரு படத்தோடு போடுங்கள், எந்த இணையத்தளத்திலும் இல்லாத மாணவர் பக்கம் அது.

கிரிக்கெற் தொடர்களுக்கும் இதேதான். 'ஸ்ரிக்கி விக்கெற்' என்றால் இக்கட்டான நிலைமை. ஆடுகளத்தை மூடாமல் விட்ட காலத்தில் மழைக்குப் பிறகு வெயில் ஏற ஏற மண் பாதி காய்ந்து பாதி ஒட்டும், பந்து எப்படி எழும்பும் என்று துடுப்பாட்டக்காரனுக்கு விளங்காது. 'ஹற்றிக்' வந்தது 1858இல், ஷெஃபீல்டில் எச். எச். ஸ்ரீபன்சன் அடுத்தடுத்து மூன்று விக்கெற் எடுத்தபோது பார்த்தவர்கள் காசு சேர்த்து அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். 1904இலிருந்து வடக்கின் பெருஞ்சமர் என்ற பாடசாலைக் கிரிக்கெற் போட்டி ஆடுகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கஷ்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதற்குச் சொல்கிற 'பைற் த புலற்' என்பதை மயக்கமருந்து இல்லாத காலத்துச் சத்திரசிகிச்சையில் துப்பாக்கிச் சன்னத்தைக் கடிக்கக் கொடுத்தார்கள் என்று முடித்துவிட்டீர்கள். அதற்கு முந்திய எழுத்து இன்னும் ஒரு படி மேலே. பிரான்சிஸ் குரோஸ் என்ற பழைய படை அதிகாரி, தெருப்பேச்சுச் சொற்களை எல்லாம் கூட்டி அள்ளி 1785இல் ஒரு அகராதி போட்டார். அதன் பிந்திய பதிப்பில் இராப்பாடிக் குருவி (நைற்றிங்கேல்) என்ற சொல்லுக்குக் கீழே இது இருக்கிறது: கசையடி வாங்கும்போது சத்தம் போட்டு அழுகிற சிப்பாயை மற்றவர்கள் அந்தக் குருவியின் பெயர் சொல்லிக் கேலி செய்வார்களாம். சில படைப்பிரிவுகளில் அது பெரிய மானப் பிரச்சினை, அதனால் வாய் திறக்காமல் இருக்கச் சன்னத்தை மென்றுகொண்டு அடி வாங்குவார்களாம். இந்த அகராதி இன்ரநெற்றில் சும்மா கிடக்கிறது, செத்துப்போவதற்குச் சொல்கிற வாளியை உதைத்தல் என்ற தொடரும் அதில் உண்டு.

இன்னொன்று. வேதாகமத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன தொடர்களை நீங்கள் தொடவே இல்லை. சுவரில் எழுதிய எழுத்து என்றால் வரப்போகிற அழிவு முன்கூட்டியே தெரிவது. தானியேல் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்தால் பெல்ஷாத்சாரின் விருந்தில் ஒரு கை வந்து சுவரில் எழுதுகிறது. நல்லதைக் கெடுக்கிற சின்னக் குறைக்குச் சொல்கிற தைலத்தில் விழுந்த ஈ என்பது பிரசங்கி பத்தாம் அதிகாரம். 'ஸ்கேப்கோற்' என்ற சொல்லையே வில்லியம் ரின்டேல் 1530இல் லேவியராகமம் பதினாறாம் அதிகாரத்தை மொழிபெயர்க்கும்போது உண்டாக்கினார், ஊரின் பாவத்தைத் தலையில் சுமத்தி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிற ஆடு. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து ஆறுமுக நாவலரே வேதாகமத்தைத் தமிழாக்க வேலை செய்த ஊர் இது. பக்கத்து வீட்டில் ஒரு பிரதி இருக்கும், பிள்ளைகள் தாங்களே புரட்டிப் பார்க்கலாம்.

உங்கள் முதல் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் தினமும் தமிழ் என்று நினைத்துப் போடுகிற முதலைக் கண்ணீர், சிவப்பு நாடா, ஐந்தாம் படை, மஞ்சள் பத்திரிகை எல்லாம் இதே கடையிலிருந்து வந்த சரக்குத்தான். ஐந்தாம் படை 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரில், மட்ரிட்டை நாலு படையணி வெளியிலிருந்து நெருங்க, ஐந்தாவது உள்ளேயே இருக்கிறது என்று ஜெனரல் மோலா சொன்னதாக வந்தது. சிவப்பு நாடா இங்கிலாந்தில் அரசாங்கக் கடதாசிக் கட்டுகளை உண்மையாகவே கட்டிவைத்த நாடா, அரசாங்கக் கச்சேரியில் கோவைகளோடு அலைந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மஞ்சள் பத்திரிகை 1890களில் நியூயோர்க்கில் பத்திரிகை முதலாளிகளான புலிற்சரும் ஹேர்ஸ்ரும் ஆளுக்காள் விற்பனைக்கு அடிபட்டபோது, மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெடியனின் கேலிச்சித்திரத்தை இரண்டு பேரும் போட்டதிலிருந்து வந்தது. அந்தக் கதையை நீங்களே உங்கள் பக்கத்தில் போட்டால் வாசகர்கள் ரசிப்பார்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தொடருக்கும் அது முதன்முதல் அச்சில் வந்த ஆண்டைப் போடுங்கள். ஆண்டைத் தேடப் போனாலே முக்கால்வாசிப் புளுகு தானாக உதிர்ந்துவிடும். பிறப்பிடம் நிச்சயம் இல்லாத இடத்தில் நிச்சயம் இல்லை என்றே போடுங்கள், இடத்தை நிரப்பக் கதை தேவையென்றால் பக்கத்தில் எங்கள் பழமொழி ஒன்றைப் போடலாம். நிலக்கரிக்குப் பேர்போன நியூகாசலுக்கு நிலக்கரி கொண்டுபோவது என்பதற்குப் பக்கத்தில் கொல்லத் தெருவில் ஊசி விற்பது அச்சாவாகப் பொருந்தும். மேலே சொன்ன அதே பேர்சிவல் பாதிரியார் 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலத்தோடு சேர்த்து அச்சிட்டிருக்கிறார், உங்களுக்கு வருசக்கணக்குக்குக் காணும்.

திருத்தம் போடுவதாக இருந்தால் வாசகர் கடிதப் பகுதியில் மூலையில் போடாமல், அதே மாணவர் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள். ரியூசன்காரர் கத்தரிப்பது அந்தப் பக்கத்தை மட்டும்தான். படத்தைக் கடும் நிறப் பின்னணியில் போடவும் வேண்டாம், கொப்பியில் எல்லாம் கறுப்பாகத்தான் விழுகிறது, எழுத்துத் தெரியவில்லை என்று என்னைத்தான் ஏசுகிறார்கள்.

இப்படிக்கு,
போட்டோக்கொப்பிக் கடைக்காரன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.